உள்ளங்கை அளவு சிலைகளும் ஒரு போர்க்கால ஊரும்



போன பதிவில் நம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை ஏழு கடல் தாண்டி ஒரு ஊரைப் பற்றி எழுதப்போகிறேன். நான் அங்கே போனதில்லை, போகவும் போவதில்லை. ஆனாலும் பல வருடமாக அந்த ஊரின் தெருக்கள் என் செல்போனுக்குள் இருக்கின்றன. பதிவு கொஞ்சம் நீளம். காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஊரின் பெயர் உஸ்ஹோரோத். உக்ரைன் நாட்டின் மேற்குக் கோடியில், உஷ் என்ற ஆற்றின் இரு கரையிலும் இருக்கிறது. போருக்கு முன்னால் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகம். ஊர் எல்லையிலேயே ஸ்லோவாக்கியா நாடு. கொஞ்சம் தெற்கே போனால் ஹங்கேரி. அங்கே உள்ள பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்க நம் நாட்டிலிருந்து நிறையப் பிள்ளைகள் போனார்கள். என்னிடம் மூன்றாம் வகுப்பில் படித்த ஒருவனின் மகளும் 2018இல் அப்படித்தான் போனாள். அப்பனுக்கு நான் டீச்சர், மகளுக்கு நான் ‘டீச்சர் பாட்டி’. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இந்தப் பதிவில் ‘பாப்பா’ என்றே எழுதுகிறேன்.

அந்த ஊருக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் உண்டு. ஒரு கிழவர் சொன்னதாக அங்கே ஒரு கதை சொல்வார்களாம். பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில், பள்ளிக்கூடம் போனது செக்கோஸ்லோவாக்கியாவில், கல்யாணம் ஆனது ஹங்கேரியில், வேலை பார்த்தது சோவியத் யூனியனில், பென்ஷன் வாங்குவது உக்ரைனில். ‘அடேயப்பா, எவ்வளவு ஊர் சுற்றியிருக்கிறீர்கள்!’ என்று கேட்டால், ‘நான் இந்தத் தெருவை விட்டே போனதில்லையே’ என்பாராம். 20ஆம் நூற்றாண்டில் எல்லைக்கோடு அந்த ஊரின் மேல் அத்தனை முறை நகர்ந்திருக்கிறது. அதனால் ஒரே தெருவில் உக்ரைன் மொழி, ஹங்கேரி மொழி, ஸ்லோவாக் மொழி, ருசின் மொழி எல்லாம் காதில் விழும்.

பாப்பா முதல் வருடத்திலேயே எனக்கு ஒரு படம் அனுப்பினாள். ஆற்றங்கரைக் கைப்பிடிக் கம்பியின் மேல் ஏதோ குருவி உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை! நியூயார்க்கில் வானளாவ நிற்பது இங்கே ஒரு முழ உயரம்கூட இல்லை. கையிலிருக்கும் தீப்பந்தத்தில் விளக்கு உண்டாம். அதனால் உலகத்திலேயே சின்னக் கலங்கரை விளக்கம் இதுதான் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமை அடித்துக்கொள்வார்களாம்.

அப்போதிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அனுப்ப ஆரம்பித்தாள். குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலஸ் தாத்தா. இசைமேதை லிஸ்ட். செக் நாட்டு எழுத்தாளர் ஹாஷெக்கின் கதையில் வரும் சிப்பாய் ஷ்வெய்க். இந்த ஷ்வெய்க்கைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தெனாலிராமனை முதல் உலகப் போரில் ராணுவத்துக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதுதான் ஷ்வெய்க். மேலதிகாரி சொன்னதை அப்படியே கேட்டு, அதன் மூலமாகவே அத்தனையையும் குளறுபடி செய்துவிடுவான். ஊரெங்கும் இப்படி டஜன் கணக்கில் வெண்கலச் சிலைகள். சில உள்ளங்கையில் அடங்கும், சில ஒரு சொம்பு உயரம். பீடம் கிடையாது, வேலி கிடையாது. கைப்பிடிச் சுவரில், ஜன்னல் விளிம்பில், பாலத்து ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். தெரியாதவர்கள் பக்கத்திலேயே நடந்து போய்விடுவார்கள்.

பெரும்பாலும் இவற்றைச் செய்தவர் மிகைலோ கொலொத்கோ. 1978இல் அந்த ஊரிலேயே பிறந்து, லிவிவ் நகரில் சிற்பக்கலை படித்தவர். பிறகு ஹங்கேரித் தலைநகரான புடாபெஸ்ட்டுக்குக் குடிபோய், அங்கேயும் தெருத்தெருவாக இதே மாதிரிச் சின்னச் சின்னச் சிலைகளை வைத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நாற்பது வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். ஒரு விஷயம் எனக்குத் தெரியும். ஆறு வயதுப் பிள்ளையின் உலகம் மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. சுவரில் நாம் உயர மாட்டும் படத்தை அது பார்க்காது. தரையில் ஊரும் எறும்பைப் பார்க்கும், மேசைக்கு அடியில் ஒட்டியிருக்கும் மிட்டாய்க் காகிதத்தைப் பார்க்கும். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்ததே, பாடப்படத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டு என்பதுதான். இந்தச் சிலைகளைப் பார்த்தபோது அதுதான் தோன்றியது. யாரோ ஒருவர் ஒரு ஊர் முழுவதையும் குழந்தையின் கண் உயரத்தில் மாட்டி வைத்திருக்கிறார். பெரியவர்கள் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும்.

பிறகு 2022 பிப்ரவரி 24 வந்தது.

அன்றைக்கு நம் வீடுகளில் டிவி ஓடியது உங்களுக்கும் நினைவிருக்கும். சுமார் 18 ஆயிரம் இந்திய மாணவர்கள் அந்த நாட்டில் மாட்டிக்கொண்டார்கள். கார்கிவ், சூமி ஊர்களில் இருந்த பிள்ளைகள் பட்டபாடு சொல்லி முடியாது. உஸ்ஹோரோத் எல்லையோரம் என்பதால் பாப்பாவும் அவள் தோழிகளும் சீக்கிரமே ஹங்கேரிக்குள் போய்விட்டார்கள். அங்கிருந்து ரயிலில் புடாபெஸ்ட். விமானத்துக்காக இரண்டு நாள் ஒரு விடுதியில் காத்திருந்தார்கள்.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம், மூச்சு முட்டுகிறது என்று டான்யூப் நதிக்கரையில் நடக்கப் போயிருக்கிறாள். கரைச் சுவரில் சின்னதாக ஒரு வெண்கல டாங்கி. அதன் பீரங்கிக் குழாய் வாடிய பூந்தண்டு மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் செய்த கை யாருடையது என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. 1956இல் ஹங்கேரி மக்கள் எழுந்தபோது சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் தெருக்களில் புகுந்தன. அதை நினைத்துச் செய்த ‘சோக டாங்கி’ அது. போர் தொடங்குவதற்கு முன்பே அங்கே வைக்கப்பட்டது. ‘டீச்சர் பாட்டி, மூணு நாளா அழாதவ அங்க உக்காந்து அழுதுட்டேன்’ என்று குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பின்னால் நதியின் காற்று இரைந்தது. அந்தப் பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஊருக்கு வந்தாள். ஆறு மாதம் செல்போன் திரையைப் பார்த்துப் பாடம் படித்தாள். ஆன்லைனில் மட்டும் படித்த மருத்துவப் படிப்பை ஏற்க முடியாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள். நான்கு வருடப் படிப்பு, அப்பன் அடகு வைத்த நிலம், வங்கிக் கடன் எல்லாம் அந்தரத்தில் நின்றன. அந்த வருடக் கடைசியில், ‘நான் திரும்பிப் போறேன்’ என்று சொல்லிவிட்டாள்.

அவள் அப்பன் என் வீட்டுக்கு ஓடி வந்தான். ஐம்பது வயது ஆள். திண்ணையில் அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி உட்கார்ந்தான். ‘அக்டோபர்லயே நம்ம எம்பசி எல்லாரையும் வெளிய வரச் சொல்லிட்டாங்க டீச்சர். இவ உள்ள போறேங்கறா. நிலம் போனா போவுது. நீங்க சொன்னா கேப்பா. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க’ என்றான். அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன். சைரன் அடித்தால் எங்கே போவாய்? ராத்திரி இரண்டு மணிக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் யார் கதவைத் தட்டுவாய்? வெளியேற வேண்டும் என்றால் எந்த வழி?

அவள் யோசிக்கவே இல்லை. கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளம் எங்கே, வீட்டுக்கார அம்மாவின் நிலவறை எங்கே என்று சொன்னாள். ஸ்லோவாக்கியா எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்றாள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பேர் சொல்லவில்லை, ஒன்பது பேர் சொன்னாள்! வீட்டுக்கார அம்மா, மாடி வீட்டு ஹங்கேரிக்காரக் கிழவர், ரொட்டிக் கடைக்காரி, வகுப்புத் தோழி, அவளுடைய அம்மா... விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனாள். அப்பன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நம் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்பது கதவு தட்டுவேனா என்று நான் எண்ணிப் பார்த்தேன். நாலுக்கு மேல் போகவில்லை.

போனாள். அந்தக் குளிர்காலம் அந்த நாட்டுக்கே இருட்டு. 2022 அக்டோபர் 10 முதல் மின் நிலையங்களைக் குறிவைத்து ஏவுகணைகள் விழுந்தன. கிழக்கே அடித்தால் மேற்கேயும் கரண்ட் போகும். அட்டவணை போட்டு வெட்டினார்கள். கடை வாசல்தோறும் ஜெனரேட்டர் சத்தம். ஊர் ஊராக ‘தளராமை மையங்கள்’ என்று திறந்து வைத்திருந்தார்கள். கணப்பு, சூடான தேநீர், போனுக்குச் சார்ஜ் எல்லாம் அங்கே இலவசம். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். அந்தச் சின்ன சுதந்திர தேவியின் விளக்கு எரிகிறதா என்று ஒருமுறை கேட்டேன். ‘ஊருக்கே கரண்ட் இல்லாதப்ப அதுக்கு மட்டும் எப்படி டீச்சர் பாட்டி?’ என்று சிரித்தாள்.

கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களால் ஊர் நிரம்பி வழிந்தது. விடுதிகள், பள்ளிக்கூடங்கள், வீடுகள் எல்லாம் அகதிகள். பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒன்று சொன்னாள், அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. பதுங்கும் அறையில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம் உண்டோ அத்தனை பேரைத்தான் நேரில் வரச் சொல்ல முடியும். மீதிப் பேர் முறை வைத்து வர வேண்டும். வகுப்பறையின் அளவைப் பார்த்துப் பிள்ளை சேர்த்திருக்கிறேன், பெஞ்சை எண்ணிச் சேர்த்திருக்கிறேன். நிலவறையின் அளவைப் பார்த்து வருகைப் பதிவேடு எழுதும் ஆசிரியைகளை நினைத்துப் பாருங்கள். கார்கிவ் நகரில் 2023 செப்டம்பர் முதல் சுரங்க ரயில் நிலையங்களுக்குள்ளேயே வகுப்பு நடத்துகிறார்கள்.

அந்தக் கார்கிவிலிருந்து ஒரு தாயும் ஏழு வயதுப் பையனும் வந்து, வீட்டுக்கார அம்மாவின் வீட்டிலேயே முன்னறையில் தங்கினார்கள். பையன் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான். ஜன்னல் பக்கம்கூடப் போகமாட்டான், சுவரோரமாகவே நடப்பான். பாப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், ‘இந்த ஊர்ல குட்டி மனுஷங்க ஒளிஞ்சிருக்காங்க, கண்டுபிடிக்கலாமா?’ என்று கேட்டிருக்கிறாள். மூன்று நாள் மாட்டேன் என்றவன் நாலாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றானாம். ஒரு நாளைக்கு ஒரு சிலை என்று கணக்கு. பாப்பாவுக்குத் தெரியும் எங்கே என்று, ஆனால் சொல்லமாட்டாள். அவன்தான் தேடணும்.

அவன் கேட்ட கேள்விதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. கார்கிவ் நகர நடுவில் கவிஞர் ஷெவ்சென்கோவுக்கு 1935இல் வைத்த சிலை இருக்கிறது. பீடத்தோடு சுமார் 16 மீட்டர் உயரம். போர் தொடங்கியதும் அதை மணல் மூட்டைகளால் உச்சிவரை மூடிவிட்டார்கள். ஒடேசா, கீவ் நகரங்களிலும் பெரிய சிலைகளை இப்படி மூடினார்கள். லிவிவ் சதுக்கத்து நீரூற்றுச் சிலைகளைத் துணியாலும் தடுப்பாலும் சுற்றிக் கட்டினார்கள். அந்தப் பையன் தன் ஊர்ச் சிலை மூட்டைக்குள் மறைந்ததைக் கண்ணால் பார்த்தவன். இங்கே கைப்பிடிச் சுவரில் மூட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சிலையைப் பார்த்து, ‘குண்டு போடறவனுக்குத் தெரியக்கூடாதுன்னுதான் இவ்வளவு சின்னதா செஞ்சாங்களா?’ என்று கேட்டானாம்.

பாப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குப் போட்டுக் கேட்டாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதற்காக, சிலைகளைப் பார்த்ததும் பையன் பயமெல்லாம் தெளிந்து பட்டாம்பூச்சியாய்ப் பறந்தான் என்று நான் கதை கட்டமாட்டேன். சைரன் அடித்தால் அவன் கை அப்போதும் நடுங்கியது. கதவு பலமாகச் சாத்தினால் மேசைக்கு அடியில் போய்விடுவான். ஆனால் ஆற்றங்கரை வரைக்கும் வந்தான். ரொட்டிக் கடைக்காரி அவன் வரும் நேரம் பார்த்து வெளியே நின்று, ‘இன்னைக்கு எத்தனையாவது?’ என்று கேட்பாளாம். மாடி வீட்டுக் கிழவர் அவனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார், கண்டுபிடித்ததையெல்லாம் வரைய. தெருவில் பாதிப் பேருக்கு அவன் கணக்கு தெரியும்.

இதே மாதிரி வேலை கீவ் தலைநகரிலும் நடக்கிறது. ‘ஷுகாய்’ என்று ஒரு திட்டம். ‘தேடு’ என்று அர்த்தம். அந்த நகரத்தின் கதை சொல்லும் சின்ன வெண்கல உருவங்களைத் தெருக்களில் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய பேர்போன கேக்குக்குக்கூட ஒரு சிலை! போனில் கோடு காட்டினால் கதை வரும். போருக்கு முன்பே தொடங்கியது, போரிலும் நிற்கவில்லை. கீவில் ஒரு தெரு முனையில் மரக்கட்டை மேல் உட்கார்ந்த ஒரு முள்ளெலியும் உண்டு. அதன் முட்கள் எல்லாம் திருகாணிகள். டாங்கி வராமல் சாலையில் குறுக்கே போடும் இரும்புத் தடைக்கும் அவர்கள் மொழியில் முள்ளெலி என்றுதான் பெயர். ஒரே சொல், ஒன்று குழந்தைக்கு, ஒன்று டாங்கிக்கு.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதிவு முழுமையாகாது. அறுபது வயது, என் வயதுக்காரி. அவர் மகன் ராணுவத்தில், 128ஆம் மலைப் படைப்பிரிவில். அந்த மாகாணத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அதில்தான். இந்த அம்மா தினமும் சாயங்காலம் ஒரு கூடத்துக்குப் போய் மறைப்பு வலை பின்னுவார். மீன்வலை மாதிரி விரித்து, பழைய துணியைக் கிழித்துக் கண்ணிக்குக் கண்ணி முடிச்சுப் போடுவது. இன்னொரு மூலையில் தகர டப்பாவுக்குள் அட்டைச் சுருளை வைத்து மெழுகை ஊற்றுவார்கள். பதுங்கு குழியில் வெளிச்சத்துக்கும் ஆகும், டீ சுட வைக்கவும் ஆகும். பாப்பாவும் பையனும் வீடு வீடாகப் போய்க் காலி டப்பாவும் எரிந்து மீந்த மெழுகும் வாங்கிக்கொண்டு வருவார்கள். அந்தச் சிலை தேடும் நடையே பிறகு டப்பா சேகரிக்கும் நடையாகிவிட்டது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பையனுக்கு அத்துப்படி.

2023 நவம்பர் 3ஆம் தேதி, போர்முனைக்குப் பக்கத்தில் அந்தப் படைப்பிரிவினருக்கு விருது கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் ஏவுகணை விழுந்தது. 19 வீரர்கள் இறந்தார்கள். பெயர்ப் பட்டியல் வரும்வரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் மகன் அன்றைக்கு அங்கே இல்லை. போன் வந்த பிறகு அவர் அழவும் இல்லை, சாமிக்கு நன்றி சொல்லவும் இல்லையாம். மேல்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, மகன் திரும்பாத வீடு எது என்று தெரிந்துகொண்டு அங்கே போய்விட்டார். போகும்போது பாப்பாவிடம் சொன்னது, ‘அடுப்புல சூப் இருக்கு, பையனுக்குக் கொடு.’

செத்த வீரனின் வண்டி தெருவில் வரும்போது, நடந்துபோகிறவர்கள், கடைக்காரர்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் அங்கங்கேயே மண்டியிடுவார்கள் என்று பாப்பா சொன்னாள். குழந்தைகளும்தான். தெரிந்தவரா தெரியாதவரா என்ற கேள்வியே கிடையாது.

இந்தச் சிலைகள் அந்த ஊரைக் காப்பாற்றின என்று நான் சொல்லவில்லை. ஒரு முழ வெண்கலம் எந்த ஏவுகணையையும் தடுக்காது. அந்த மாகாணத்திலும் 2022 மே 3ஆம் தேதி முதல் ஏவுகணை விழத்தான் செய்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். பீடமும் வேலியும் காவலாளியும் இல்லாத இந்தச் சிலைகள் தினமும் அந்த இடத்தில் இருக்க வேண்டுமானால், ஊரில் ஒவ்வொருவரும் அதை எடுக்காமல் இருக்க வேண்டும். கழற்றி எடைக்குப் போட்டுவிடலாம், ஒரு சுத்தியல் போதும். அப்படி விட்டுவைக்கப் பழகிய ஊர், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருக்கும் ஊராகவும் இருந்தது. எது எதனால் வந்தது என்று பிரிக்க எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே பழக்கம் என்று தோன்றுகிறது.

பாப்பா 2024இல் படிப்பை முடித்துக்கொண்டு வந்தாள். சென்னையில் தங்கி இங்கே எழுத வேண்டிய தேர்வுக்குப் படிக்கிறாள். அப்பன் நிலத்தை இன்னும் மீட்கவில்லை, மீட்டுவிடுவான். கார்கிவ் பையனும் தாயும் அந்த ஊரிலேயே வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மாவின் மகன் இன்னும் போர்முனையில். போன வாரம் அந்த அம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். பையனின் நோட்டுப் புத்தகம். கடைசிப் பக்கத்தில் சுதந்திர தேவிக்குப் பக்கத்தில் சின்னதாக, நீளப் பின்னலோடு ஒரு பெண். அது யார் என்று உங்களுக்கே தெரியும்.

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விடமாட்டேன் அல்லவா? இரண்டு கொடுக்கிறேன்.

ஒன்று. வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் அந்த மூன்று கேள்வியை இன்றைக்கே கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேர் கேட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு. நீங்கள் இருக்கும் தெருவில், யாரும் கவனிக்காத சின்னப் பொருள் ஒன்றை உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்கக்கூடாது. படம் எடுத்து இங்கே கீழே போடுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து அந்த நோட்டுப் புத்தகக்காரனுக்கு அனுப்புவதாகப் பாப்பா வாக்குக் கொடுத்திருக்கிறாள். அவனுக்கு இப்போது பத்து வயது. ரொம்பக் கறாராக மதிப்பெண் போடுவானாம், என்னை மாதிரியே.

ஞாயிற்றுக்கிழமை வரை நேரம். காப்பி அடிக்கக்கூடாது.

அன்புடன்,
உங்கள் மூன்றாம் வகுப்பு டீச்சர்